எக்செல் ஷீட்டில் ஒரு காலநிலை மாதிரி: பூமியின் வெப்பக் கணக்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி?

காலநிலை மாதிரி என்றதும் சூப்பர் கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் பூமி ஏன் இந்த அளவு சூடாக இருக்கிறது, கார்பன் டை ஆக்ஸைடு கூடினால் எவ்வளவு வேகத்தில் சூடாகும் என்ற கேள்விகளுக்கு ஒரு எக்செல் ஷீட்டிலேயே நியாயமான விடை எடுக்கலாம். கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து இதைப் பலமுறை போட்டிருக்கிறேன். தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் மணி நேரத்திலேயே நூறாண்டு வரைபடம் பார்க்க ஆசைப்பட்டு, அடியில் இருக்கும் எண்ணைச் சரிபார்க்காமல் மேலே ஏறிவிடுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கண்டிப்பு. ஒவ்வொரு படியின் கடைசியிலும் வரவேண்டிய எண்ணைச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தொடங்கும் முன்

எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் போதும். பிளஸ் டூ இயற்பியலும், மடக்கை என்றால் என்ன என்ற நினைவும் இருந்தால் சரி. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

ஷீட்டின் மேல்பகுதியில் மாறிலிகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றின் பக்கத்துக் கட்டத்தில் அதன் அலகையும் எழுதுங்கள். சூத்திரத்துக்குள் எண்ணை நேராகத் தட்டிவிட்டால், பிறகு ஒரு மதிப்பை மாற்றிப் பார்க்க நூற்றுக்கணக்கான வரிசைகளைத் திருத்த வேண்டியிருக்கும். மாறிலியைச் சுட்டும்போது டாலர் குறி போட்டுப் பூட்டுவது கட்டாயம். பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் சுட்டும் கட்டமும் சேர்ந்து இறங்கும். வெற்றுக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கையும் வராது.

1. வரவும் செலவும்

சூரியனிலிருந்து பூமியின் தொலைவில் வந்து விழும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 1361 வாட். இதை முதலில் 4-ஆல் வகுக்க வேண்டும். பூமி சூரிய ஒளியை மறிப்பது ஒரு வட்டத் தட்டின் பரப்பளவுக்கு. அந்த ஆற்றல் பரவுவதோ முழுக் கோளத்தின் மேல். கோளத்தின் பரப்பு தட்டைப்போல் நான்கு மடங்கு. பகலும் இரவும், நிலநடுக்கோடும் துருவமும் எல்லாம் இந்த நான்குக்குள் அடக்கம். பாதிப் பக்கம்தானே வெயில் என்று 2-ஆல் வகுப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். வெயில் படும் பக்கத்திலும் விளிம்புகளில் கதிர் சாய்ந்துதான் விழுகிறது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் எதிரொளிப்பு. வரும் ஒளியில் சுமார் 30 விழுக்காட்டை மேகங்களும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 70 விழுக்காடு, அதாவது 238 வாட், உள்ளே வருகிறது.

அதே 238 வாட் அகச்சிவப்புக் கதிராக வெளியே போனால்தான் கணக்கு சமன். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதிப்படி உமிழ்வு என்பது 0.0000000567 × வெப்பநிலையின் நான்காம் அடுக்கு. எனவே 238-ஐ (ஷீட்டில் உள்ள முழு மதிப்பு 238.175) 0.0000000567-ஆல் வகுத்து நான்காம் மூலம் எடுங்கள்.

வரவேண்டிய எண்: 254.6 கெல்வின், அதாவது −18.6 டிகிரி செல்சியஸ்.

நான்காம் அடுக்கு வரும் இடத்தில் எப்போதும் கெல்வின்தான். செல்சியஸைப் போட்டால் விடை வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது. அடுத்த படிக்குப் போகும் முன் எதிரொளிப்பை 0.30-இலிருந்து 0.29 ஆக்கிப் பாருங்கள். உள்ளே வரும் வெப்பம் 3.4 வாட் கூடிவிடும். கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்பானால் கூடுவது ஏறக்குறைய இவ்வளவுதான் என்பதை மூன்றாம் படியில் பார்ப்பீர்கள். மேகங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

2. தரை வெப்பநிலைக்கு வருவது

பூமியின் சராசரித் தரை வெப்பநிலை சுமார் 288 கெல்வின், 15 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பநிலையில் தரை உமிழ்வது 390 வாட். விண்வெளிக்குப் போவது 238. இடையில் உள்ள 152 வாட்டைத் தடுத்து நிறுத்துவது நீராவி, மேகம், கார்பன் டை ஆக்ஸைடு முதலியவை.

மாதிரியில் இதை ஒரே எண்ணாக வைக்கிறோம். 238-ஐ 390-ஆல் வகுத்தால் 0.61. இதைப் பயன்படு உமிழ்திறன் என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படியில் வந்த 255 கெல்வினைக் காற்று இல்லாத பூமியின் வெப்பநிலை என்று பலர் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். காற்று இல்லாவிட்டால் மேகமும் இருக்காது, எதிரொளிப்பும் 0.30 ஆக இருக்காது. அது பூமி விண்வெளிக்கு உமிழும் சராசரி உயரத்தின் வெப்பநிலை என்று புரிந்துகொள்வதே சரி. மேலே போகப்போகக் கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. 33 டிகிரி வித்தியாசத்தை 6.5-ஆல் வகுத்தால் 5 கிலோமீட்டர். கார்பன் டை ஆக்ஸைடு கூடும்போது இந்த உயரம் இன்னும் மேலே தள்ளப்படுகிறது. அங்கே குளிர் அதிகம், உமிழ்வு குறைவு. அதனால் உள்ளே வெப்பம் தேங்குகிறது.

3. கார்பன் டை ஆக்ஸைடை வாட் ஆக்குவது

வரவு-செலவில் வெளியிலிருந்து ஏற்படுத்தப்படும் மாற்றத்தை ஆராய்ச்சியாளர்கள் ஃபோர்சிங் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கார்பன் டை ஆக்ஸைடுக்கான எளிய சூத்திரம்:

ஃபோர்சிங் = 5.35 × இயற்கை மடக்கை (இன்றைய அளவு ÷ தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவு)

முந்தைய அளவு 278 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 278 பங்கு. 2024-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளந்த ஆண்டுச் சராசரி 424.6 பிபிஎம்.

வரவேண்டிய எண்கள்: 2024-க்கு 2.27 வாட், இரட்டிப்புக்கு 3.7 வாட்.

இரட்டிப்புக்கு 1.6 வந்தால் நீங்கள் பத்தடிமான மடக்கையை எடுத்துவிட்டீர்கள். எக்செல்லில் லாக் என்று தட்டினால் அதுதான் வரும். இயற்கை மடக்கைக்கு எல்என் என்ற சார்பு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட 6-வது மதிப்பீட்டு அறிக்கை, வளிமண்டலம் உடனடியாகச் செய்துகொள்ளும் சில மாற்றங்களையும் சேர்த்து இரட்டிப்புக்கு 3.93 என்கிறது. இங்கே 3.7 போதும்.

4. பின்னூட்ட எண்

பூமி 1 டிகிரி சூடானால் கூடுதலாக எத்தனை வாட் வெளியே அனுப்பும்? வேறு எதுவும் மாறாவிட்டால், நான்காம் அடுக்கு விதிப்படி 4 × 238 ÷ 288 = 3.3 வாட். அப்படியென்றால் கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்புக்கு 3.7 ÷ 3.3 = 1.1 டிகிரிதான் ஏறும்.

ஆனால் வேறு எல்லாமும் மாறுகின்றன. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும். பனி உருகினால் கீழே இருக்கும் கருமையான கடலும் மண்ணும் வெளியே வந்து கூடுதல் வெயிலை உறிஞ்சும். இவையெல்லாம் சேர்ந்து 3.3-ஐச் சுமார் 1.2-க்கு இறக்கிவிடுகின்றன. இந்த 1.2-தான் நம் பின்னூட்ட எண். அப்போது இரட்டிப்புக்கு 3.1 டிகிரி. ஐபிசிசி அறிக்கையின் சிறந்த மதிப்பீடு 3 டிகிரி, பெரும்பாலும் 2.5 முதல் 4-க்குள் என்கிறது.

பின்னூட்ட எண் பெரிதானால் வெப்பம் குறைவு, சிறிதானால் அதிகம். இந்தத் தலைகீழ் உறவை ஷீட்டில் குறிப்பாக எழுதி வையுங்கள். கடைசிப் படிகளில் அவசரத்தில் எல்லோரும் இதை மாற்றிப் படிக்கிறார்கள்.

5. கடல் எவ்வளவு வெப்பம் குடிக்கும்?

இதுவரை போட்டது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்ற கணக்கு. எவ்வளவு காலத்தில் என்று கேட்டால் கடலைக் கொண்டுவர வேண்டும். காற்றும் அலைகளும் கலக்கிவிடும் மேலடுக்கை 70 மீட்டர் என்று எடுப்போம். பூமியில் கடல் 71 விழுக்காடு.

0.71 × 1025 (கடல்நீரின் அடர்த்தி) × 3990 (தன்வெப்ப ஏற்புத்திறன்) × 70 = சுமார் 20.3 கோடி ஜூல், சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு.

இந்த இடத்தில் அலகை மாற்றியே ஆக வேண்டும். ஃபோர்சிங் வாட்டில் இருக்கிறது, அதாவது நொடிக்கு ஜூல். நாம் நகரப்போவதோ ஆண்டுக் கணக்கில். ஓர் ஆண்டின் நொடிகள் 3,15,57,600. அதால் வகுத்தால் வாட்-ஆண்டு அலகு கிடைக்கும்.

வரவேண்டிய எண்: 6.44. இதுதான் மேலடுக்கின் ஏற்புத்திறன்.

வகுக்க மறந்தால் அடுத்த படியில் வெப்பநிலை அசையவே அசையாது. ஷீட் உடைந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாகத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷீட் நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆண்டின் வெப்பத்துக்குப் பதில் ஒரு நொடியின் வெப்பத்தைக் கடலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

6. ஆண்டாண்டாக நகர்த்துவது

நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: ஆண்டு, ஃபோர்சிங், வெப்பநிலை மாற்றம், மீதமுள்ள வெப்பம். மீதம் என்பது ஃபோர்சிங்கிலிருந்து, பின்னூட்ட எண்ணை வெப்பநிலை மாற்றத்தால் பெருக்கி வந்ததைக் கழித்தது.

அடுத்த ஆண்டின் வெப்பநிலை = இந்த ஆண்டின் வெப்பநிலை + காலப்படி × மீதம் ÷ ஏற்புத்திறன்

காலப்படி 1 ஆண்டு. உண்மையான தரவை இன்னும் தொடாதீர்கள். ஃபோர்சிங் நெடுவரிசை முழுக்க 3.7 என்று நிரப்பிச் சோதியுங்கள். விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்டால்தான் ஷீட்டை நம்பலாம்.

வரவேண்டிய எண்கள்: முதல் ஆண்டில் 0.57, 5-இல் 1.98, 10-இல் 2.69, 20-இல் 3.03.

ஒருமுறை ஒரு மாணவி திரையைத் திருப்பிக் காட்டினார். வெப்பநிலை 8.0, அடுத்து −4.9, அடுத்து 15.9 என்று ஊஞ்சல் மாதிரி ஆடி, ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. சோதிப்பதற்காகக் கடல் ஆழத்தை 5 மீட்டர் ஆக்கியிருந்தார். ஏற்புத்திறன் 0.46-க்கு இறங்கியதும் அந்த மெல்லிய கடல் சில மாதங்களிலேயே சமநிலைக்கு வந்துவிடும். நாமோ ஓர் ஆண்டு தாவுகிறோம். ஒவ்வொரு தாவலிலும் இலக்கைக் கடந்து அந்தப் பக்கம் போய் விழுகிறது. பின்னூட்ட எண்ணைக் காலப்படியால் பெருக்கி ஏற்புத்திறனால் வகுத்தது 2-ஐத் தாண்டினால் இப்படி வெடிக்கும். 1-க்கு நன்றாகக் கீழே வைத்திருங்கள். பெரிய மாதிரிகளை ஓட்டுபவர்களும் காலப்படியை இதே கவனத்தோடுதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

7. ஆழ்கடலைச் சேர்ப்பது

மேலே வந்த விடை நம்ப முடியாத வேகம். இருபதே ஆண்டில் முழு வெப்பமும் வந்துவிடுகிறது. உண்மையில் மேலடுக்கு தன் வெப்பத்தை ஆழ்கடலுக்குக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே இரண்டாவது பெட்டி: 1000 மீட்டர் ஆழம், ஏற்புத்திறன் 92. இரண்டுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.7 வாட் கசியும் என்று வையுங்கள்.

கசிவு = 0.7 × (மேலடுக்கு − ஆழ்கடல்). மேலடுக்கின் மீதத்திலிருந்து கசிவைக் கழியுங்கள். ஆழ்கடலுக்கு அதே கசிவைக் கூட்டி 92-ஆல் வகுங்கள். இரண்டுமே போன ஆண்டின் மதிப்புகளிலிருந்து வர வேண்டும். ஒன்றில் பழையதும் மற்றதில் புதியதும் கலந்தால், ஒரு பெட்டியில் கழிந்த வெப்பமும் மற்றதில் சேர்ந்த வெப்பமும் ஒத்துப்போகாது.

வரவேண்டிய எண்கள், மறுபடி 3.7 வாட்டுக்கு: 20-வது ஆண்டில் சுமார் 2.0, 100-வது ஆண்டில் சுமார் 2.4. 3.1-ஐ எட்ட நூற்றாண்டுகள் ஆகும்.

8. ஐந்தொகை போடுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைப் போடாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணிப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பூமிக்குள் தங்கிய வெப்பத்தை, அதாவது கசிவைக் கழிப்பதற்கு முன் உள்ள மீதத்தை, கூட்டிக்கொண்டே வாருங்கள். இன்னொரு பக்கம், மேலடுக்கு வெப்பநிலை × 6.44 + ஆழ்கடல் வெப்பநிலை × 92. இரண்டும் கடைசி தசமம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட என்பது போதாது. கொஞ்சம் விலகினாலும் எங்கோ ஒரு கட்டம் தப்பான வரிசையைச் சுட்டுகிறது. வரைபடம் அழகாக இருக்கும்போதுதான் இப்படிப்பட்ட பிழை கண்ணுக்குத் தப்புகிறது.

9. இப்போது உண்மையான தரவு

மௌனா லோவா ஆண்டுச் சராசரிகள் 1959-இலிருந்து கிடைக்கின்றன. மாதத் தரவை எடுத்தால் வடகோளத்துச் செடிகொடிகள் மூச்சுவிடுவதால் ஆண்டுக்குள் 6 பிபிஎம் வரை ஏறி இறங்கும். நமக்கு ஆண்டுச் சராசரி போதும். முந்தைய காலத்துக்கு அண்டார்க்டிகாவின் லா டோம் பனிக்கட்டித் துளைகளிலிருந்து எடுத்த அளவுகளைச் சேருங்கள்.

மாதிரியை 1959-இல் பூஜ்யத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்த ஆண்டே ஃபோர்சிங் 0.69 வாட். அதை ஒரே நாளில் போட்டதாக நினைத்து மாதிரி முதல் பத்தாண்டில் தாவும். 1750-இல் தொடங்குங்கள்.

ஒப்பிடும்போது அடிப்படை ஆண்டுகளைப் பொருத்துங்கள். நாசாவின் வெப்பநிலைத் தொகுப்பு 1951–1980 சராசரியிலிருந்து விலகலைத் தருகிறது, 1880-இல்தான் தொடங்குகிறது. 1850–1900-ஐ அடிப்படையாக எடுக்க வேண்டுமானால் 1850-இலிருந்தே இருக்கும் ஹாட்கிரட் 5 போன்ற தொகுப்பு வேண்டும். எதை எடுத்தாலும் மாதிரியிலிருந்தும் அதே ஆண்டுகளின் சராசரியைக் கழியுங்கள்.

1850–1900-ஐ அடிப்படையாக வைத்தால் 2011–2020-க்கு மாதிரி தருவது சுமார் 1.0 டிகிரி. அளந்தது 1.09. இங்கேதான் எல்லோரும் கை தட்டுகிறார்கள், இங்கேதான் நான் நிறுத்தச் சொல்கிறேன். நாம் போட்டது கார்பன் டை ஆக்ஸைடு மட்டும். ஐபிசிசி அறிக்கைப்படி 2019-இல் மீத்தேன் 0.54 வாட்டும், நைட்ரஸ் ஆக்ஸைடு 0.21 வாட்டும், இன்னும் சில வாயுக்களும் சேர்ந்து சூடாக்குகின்றன. புகையும் தூசுமான காற்றுத் துகள்கள் சுமார் 1.1 வாட் குளிர்விக்கின்றன. இவை பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் நம் எண் பொருந்துகிறது. சரியான விடை தப்பான வழியில் வந்திருக்கிறது. எல்லா ஃபோர்சிங்கையும் நெடுவரிசைகளாகப் போட்டுக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.

இன்னொரு எண்ணையும் கூடவே பாருங்கள்: பூமிக்குள் தங்கும் வெப்பம். நம் மாதிரியில் 2012 வாக்கில் அது 0.6 வாட். 2006–2018-க்கு அளந்த மதிப்பு 0.79, அதன் நிச்சயமின்மை எல்லை 0.52 முதல் 1.06 வரை. கடலில் மிதந்து 2000 மீட்டர் ஆழம் வரை வெப்பநிலையை அளக்கும் ஆர்கோ மிதவைகளால்தான் இது முடிகிறது. வெப்பநிலை வரைபடத்தை எப்படியாவது பொருத்திவிடலாம், இரண்டையும் ஒருசேரப் பொருத்துவது கடினம்.

10. பினாட்டுபோ சோதனை

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அடுக்குமண்டலத்தில் பரவிய சல்பேட் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பின. உச்சத்தில் ஃபோர்சிங் சுமார் −3 வாட், சில ஆண்டுகளில் கரைந்துபோனது. உலகச் சராசரி வெப்பநிலை அரை டிகிரி அளவுக்கு இறங்கியது.

இதற்குக் காலப்படியை ஒரு மாதமாக்க வேண்டும், அதாவது 1/12. ஃபோர்சிங் −3-இல் தொடங்கி ஆண்டுக்கு 2.72 மடங்கு குறைவதாக வையுங்கள். நம் மாதிரி இருபது, இருபத்தொரு மாதங்களில் 0.28 அல்லது 0.29 டிகிரி குளிரும். அளந்ததைவிடக் குறைவு. ஃபோர்சிங்கின் வடிவத்தை எளிமையாக்கியது ஒரு காரணம். கடலைவிட விரைவாகக் குளிரும் நிலத்தையும் கடலோடு ஒரே பெட்டியில் அடைத்தது இன்னொன்று.

இனி மதிப்புகளை மாற்றிப் பாருங்கள். மேலடுக்கை 50 மீட்டர் ஆக்கினால் 0.35-ஐத் தொடும். பின்னூட்ட எண்ணை 1.2-இலிருந்து 2.4 ஆக்கினால், அதாவது பூமியின் கடைசி வெப்பத்தைப் பாதியாக்கினால்கூட, குளிர்ச்சி 0.24-க்குத்தான் இறங்குகிறது. இரண்டு ஆண்டு நிகழ்வில் கடலின் சுமைதான் பேசுகிறது, பின்னூட்டத்துக்குப் பேச நேரமே கிடைப்பதில்லை. பினாட்டுபோவுக்குப் பொருந்திவிட்டது, ஆகவே இரட்டிப்புக்கு 3 டிகிரி நிச்சயம் என்று யாராவது எழுதினால், இந்த இரண்டு ஓட்டங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எந்த அளவீடு எந்த மதிப்பைச் சோதிக்கிறது என்று கேட்கும் பழக்கம் இந்தப் படியில்தான் வருகிறது. எனக்கும் இங்கேதான் வந்தது.

11. இந்த ஷீட்டிடம் கேட்கக் கூடாதவை

சென்னையில் அடுத்த வடகிழக்குப் பருவமழை எப்படி என்று இது சொல்லாது. இதில் காற்றே வீசவில்லை.

எல் நினோவும் கிடையாது. அளந்த வரைபடத்தில் 1998-இலும் 2016-இலும் தெரியும் முகடுகளை மாதிரியில் தேடாதீர்கள், அவற்றைப் பிடிக்க எண்களைத் திருகவும் வேண்டாம்.

2024-க்குப் பிறகு கார்பன் டை ஆக்ஸைடை 424.6-இலேயே நிறுத்தி ஓட்டினால் வெப்பம் மெல்ல ஏறிக்கொண்டே போய் 1.9 டிகிரியை நெருங்கும். உமிழ்வை இன்றே நிறுத்தினாலும் இப்படித்தான் ஆகும் என்று இதைப் படித்துவிடுகிறார்கள். உமிழ்வை நிறுத்தினால் கடலும் காடும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அளவு அப்படியே நிற்காமல் இறங்கும். அந்த உறிஞ்சலைக் கணக்கிட இன்னொரு ஷீட் வேண்டும்: காற்று, கடல், நிலம் என்று கார்பனுக்கு மூன்று பெட்டிகள், அவற்றுக்கும் தனியாக ஓர் ஐந்தொகை.